ரத்தத்துக்குக் கோத்திரம் கிடையாது

(நமது சங்கத்தின் மைசூரு கிளை அங்கத்தினர்கள் கூட்டத்தில், காஷுவாலிடி பிரிவில் பல வருஷங்கள் பணியாற்றி ஓய்வு பெற்ற டாக்டர் அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை. மற்ற ஊர்களில் உள்ள அங்கத்தினர்களுக்கும் பயன்படும் என்பதால் முழுமையாக வெளியிடுகிறோம். – ஆசிரியர் குழு)



கிளைத் தலைவர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, சர்க்கரை வியாதி பற்றியோ முழங்கால் வலி பற்றியோ பேசச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். "எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள் டாக்டர், அரை மணிக்குள் முடித்தால் போதும், டிபன் ஆறிவிடும்" என்றார். அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்திக் கொண்டு, டிபனுக்கு முன்னால் பேசக் கூடாத ஒரு விஷயத்தைப் பேசப் போகிறேன். ரத்தத்தைப் பற்றி. முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக் கொள்கிறேன்.

சென்ற வருஷம் தசராவுக்கு முன்பு ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு எனக்கு ஒரு போன் வந்தது. நம் அங்கத்தினர் ஒருவரின் பிள்ளை. ஆபீஸிலிருந்து திரும்பும்போது ரிங் ரோட்டில் ஒரு ஸ்கூட்டர்காரர் அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்திருக்கிறான். நாலு பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, இவன் இறங்கி, தன் துண்டால் காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, 108 வண்டி வரும்வரை கூடவே இருந்திருக்கிறான். அடிபட்டவர் பிழைத்துவிட்டார். பிள்ளை வீட்டுக்கு வந்தான். அம்மா அவனை வாசலிலேயே நிறுத்தித் தலைக்கு ஜலம் விட்டு உள்ளே விட்டாள். படுக்கப் போனபோதுதான் பயம் வந்திருக்கிறது. "மாமா, கையெல்லாம் ரத்தம். ஆள்காட்டி விரலில் கண்ணாடி கீறின காயம் வேறு இருக்கு. ஏதாவது ஆகுமா?"

அவனுக்கு நான் என்ன சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. இவன் இதை வாழ்நாளில் ஒரு முறை செய்தான். ஆனால் இதையே தினம் எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் வேலையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு யார் பதில் சொல்கிறார்கள்?

ஒரு டிரைவரின் கதை

நான் வேலையில் சேர்ந்தது எண்பதுகளின் ஆரம்பத்தில். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. அந்நாளில் எல்லா ஊரிலும் நிலைமை ஒன்றுதான். எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர் கன்னடக்காரர், நல்ல மனுஷர். அந்தக் காலத்து ஆம்புலன்ஸ் என்றால் ஒரு மெடடார் வண்டியும் ஒரு ஸ்ட்ரெச்சரும்தான். அடிபட்டவரைத் தூக்குவது, ஏற்றுவது, இறக்குவது, பிறகு வண்டியைக் கழுவுவது எல்லாம் அவர் வேலை. எல்லாம் வெறும் கையால். கிளவுஸ் என்பது ஆபரேஷன் தியேட்டரில் சர்ஜனுக்கு மட்டும். அதையும் கழுவி, பௌடர் போட்டு, கொதிக்க வைத்து மறுபடி உபயோகிப்போம்.

நாற்பத்தைந்து வயசுக்குள் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. பிறகு வயிற்றில் நீர் கோர்த்தது. ஈரல் கெட்டுவிட்டது. "குடித்திருப்பான்" என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். காபியைத் தவிர வேறு எதையும் அவர் குடித்து நான் பார்த்ததில்லை. ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி என்று தெரிந்தது. எங்கே, எப்போது, யார் ரத்தத்திலிருந்து வந்தது என்று எந்த ரிஜிஸ்டரிலும் எழுதவில்லை. எழுதாததால் அது வேலையில் வந்த வியாதி என்று நிரூபிக்க முடியவில்லை. அவர் சம்சாரத்துக்கு ஒரு பைசா நஷ்ட ஈடு கிடைக்கவில்லை. நாங்கள் டாக்டர்களெல்லாம் சேர்ந்து ஏதோ கொஞ்சம் பணம் வசூல் பண்ணிக் கொடுத்தோம். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மூன்று வைரஸ்கள்

ரத்தத்தின் மூலம் பரவும் வியாதிகள் பல இருந்தாலும் முக்கியமானவை மூன்று. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. முதல் இரண்டும் ஈரலைத் தாக்குபவை. மூன்றாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தாக்குவது.

நம் ஜனங்களுக்கு மூன்றாவதைக் கேட்டால்தான் பயம். ஊசி குத்தும் விஷயத்தில் உண்மை தலைகீழ். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி 1,000 பேருக்குக் குத்தினால் சுமார் 3 பேருக்குத் தொற்றலாம். ஹெபடைடிஸ் சி என்றால் 100 பேரில் 2 பேர், அல்லது அதற்கும் குறைவு. ஹெபடைடிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவர்கள் 100 பேரில் 6 முதல் 30 பேர் வரை! அது மட்டுமல்ல. காய்ந்த ரத்தத் துளியில்கூட ஹெபடைடிஸ் பி வைரஸ் 7 நாள் வரை உயிரோடு இருக்கும். வண்டியின் ஸ்ட்ரெச்சர் கம்பியில், டிரைவர் கைப்பிடியில், போலீஸ் கான்ஸ்டபிளின் சட்டைக் கையில்.

உலக சுகாதார நிறுவனம் 2002ம் வருஷ அறிக்கையில் ஒரு கணக்குச் சொன்னது. உலகத்தில் அப்போது சுமார் 3.5 கோடி சுகாதார ஊழியர்கள். அவர்களில் வருஷத்துக்கு 30 லட்சம் பேருக்கு ஊசி குத்துவது போன்ற விபத்துகளால் இந்த வைரஸ்களின் சம்பந்தம் ஏற்படுகிறது. 20 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் பி, 9 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் சி, 1,70,000 பேருக்கு எச்.ஐ.வி. சம்பந்தம் என்று. சம்பந்தம் ஏற்பட்டவர்கள் எல்லோருக்கும் வியாதி வந்துவிடாது. ஆனால் அத்தனை குடும்பங்களில் அத்தனை தூக்கமில்லாத ராத்திரிகள்.

நல்ல செய்தியும் உண்டு. மூன்றில் பெரிய அபாயமான ஹெபடைடிஸ் பிக்குத்தான் அருமையான தடுப்பூசி இருக்கிறது. முதல் ஊசி, ஒரு மாசம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாசம் மூன்றாவது. அவ்வளவுதான். ஒரு காலத்தில் இது வெளிநாட்டிலிருந்து வந்து யானை விலை விற்றது. 1997ல் ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் நம் நாட்டிலேயே தயாரித்தபோது விலை இறங்கியது. அமெரிக்காவில் தடுப்பூசியும் கிளவுஸும் பரவலாக வந்ததால், 1983க்கும் 1995க்கும் இடையில் சுகாதார ஊழியர்களுக்கு வரும் ஹெபடைடிஸ் பி 95 சதவீதம் குறைந்துவிட்டது. எங்கள் டிரைவருக்கு வந்தது விதி அல்ல, கவனக்குறைவு என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் நாட்டில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் இது சில இடங்களில் 2002 வாக்கில் சேர்ந்தது. நாடு முழுவதும் வர 2011 ஆயிற்று. அதற்கு முன்பு பிறந்தவர்கள் பெரும்பாலோர் தாமாகப் போட்டுக் கொண்டிருந்தால்தான் உண்டு. இன்றைக்கு ஆம்புலன்ஸில் வேலை செய்கிற முப்பது வயசுப் பிள்ளையையும், இந்தச் சபையில் இருக்கும் நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஹெபடைடிஸ் சிக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் பெரும்பாலும் 12 வார மாத்திரையில் 100க்கு 95 பேருக்கு மேல் முழுக்கக் குணமாகிவிடுகிறது. 2018 ஜூலையில் மத்திய சர்க்கார் ஆரம்பித்த ஹெபடைடிஸ் ஒழிப்புத் திட்டத்தில் இந்த மருந்து இலவசம். எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் ஊசி குத்தியவுடன் சாப்பிட வேண்டிய மருந்து இருக்கிறது.

மடியும் ஆசாரமும்

1986ல் நம் மதராஸில் நடந்ததை இளைஞர்கள் தெரிந்து கொள்ள வேண்டும். மதராஸ் மெடிகல் காலேஜில் மைக்ரோபயாலஜி புரொபசர் டாக்டர் சுநீதி சாலமன். அவரிடம் படித்த மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா. எய்ட்ஸ் என்பது மேல்நாட்டு வியாதி, நம் கலாசாரத்தில் அதற்கு இடமில்லை என்று பத்திரிகைகள் எழுதிக் கொண்டிருந்த சமயம். பார்த்துவிடுவோமே என்று சாலமன் சொல்ல, நிர்மலா ரத்தம் சேகரிக்கக் கிளம்பினார். கையில் கிளவுஸ் கிடையாது. பாதுகாப்புக்கு வேறு எதுவும் கிடையாது. சீரத்தைப் பிரித்துத் தன் வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்திருந்தார். பிறகு ஐஸ் பெட்டியில் வைத்து ராத்திரி ரயிலில் காட்பாடி போய், வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் பரிசோதித்தார்கள். ஆறு சாம்பிள்களில் வைரஸ் இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் வெளியே வந்தது. நம் கலாசாரம் நம்மைக் காப்பாற்றும் என்ற எண்ணத்தை அந்த ஆறு சாம்பிள்கள் உடைத்துவிட்டன.

அதற்கு அடுத்த வருஷம், 1987ல், அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் ஒரு விதியைச் சொன்னது. யார் ரத்தத்தில் வைரஸ் இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துத் தெரியாது. ஆகவே எல்லோருடைய ரத்தத்தையும் தொற்று உள்ளதாகவே பாவித்து நடந்துகொள். இதைத்தான் இன்றைக்கு உலகம் முழுக்க எங்கள் தொழிலில் முதல் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறோம். கலெக்டர் ரத்தமானாலும், கைதி ரத்தமானாலும், கனபாடிகள் ரத்தமானாலும் ஒரே கிளவுஸ், ஒரே கவனம்.

நாம் மடி ஆசாரத்தில் வளர்ந்தவர்கள். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, தொட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் நம் பாட்டிமார் விரல் நுனியில் இருந்தது. நம்மைப் போல் இந்த விதியைச் சுலபமாகப் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் வேறு யாரும் இருக்க முடியாது. ஆனால் ஒரு வித்தியாசம். நம் பழைய ஆசாரம் பல சமயங்களில் ஆளைப் பார்த்தது. இந்த ஆசாரம் ஆளைப் பார்ப்பதில்லை, ரத்தத்தை மட்டும் பார்க்கிறது. ஆளைத் தொடலாம், அணைத்துத் தூக்கலாம், அவர் சாப்பிட்ட தட்டில் சாப்பிடலாம், ஒன்றும் வராது. ரத்தத்தைத் தொடும்போது மட்டும் கிளவுஸ் போடு. என் ரத்தமும் அதில் சேர்த்தி. ரத்தத்தில் ஏ, பி, ஓ குரூப் உண்டு, கோத்திரம் கிடையாது.

ஒரு ராத்திரியின் கதை

இதைச் சொல்வது சுலபம். நம் வீட்டு விஷயமாக வரும்போது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நம்மவர் ஒருவரைப் பற்றியது. அவர் இப்போது இல்லை. அவருடைய மனைவியின் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

2009ல் நடந்தது. அறுபத்தெட்டு வயசு, பாங்கில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். மார்வலி என்று ராத்திரி எட்டு மணிக்குக் கொண்டு வந்தார்கள். சாமராஜநகர் பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம் ஆன நர்ஸ், அவருக்கு ரத்தம் எடுத்தாள். அவர் வலியில் சட்டென்று கையை இழுக்க, ஊசி அவள் கட்டை விரலில் குத்திவிட்டது.

உடனே அவளைக் குழாயடிக்கு அனுப்பி, சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, மருந்தின் முதல் டோஸைக் கொடுத்தோம். அடுத்து, ஊசி யாருக்குப் போட்டதோ அவருடைய ரத்தத்தை மூன்று வைரஸுக்கும் பரிசோதிக்க வேண்டும். அதற்கு அவர் சம்மதம் வேண்டும். வலி தணிந்ததும் நானே போய்க் கேட்டேன். அவருக்கு வந்ததே கோபம்! "டாக்டர், நீங்களும் நம்மவர்தானே? தினம் மூன்று வேளை சந்தியாவந்தனம் பண்ணுகிறவனிடம் வந்து கேட்கிற கேள்வியா இது? என் குடும்பத்தைப் பற்றி என்ன நினைத்தீர்கள்?" என்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பரிசோதனையின் பெயரே அவருக்கு ஒரு குற்றச்சாட்டாகப் பட்டது. ஆனால் வெளியே பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவர் மறுத்தால் அவள் 28 நாள் மருந்து சாப்பிட வேண்டும். அந்நாளைய மருந்தில் குமட்டலும் களைப்பும் தாங்காது. அதோடு ஆறு மாசம் வரை பரிசோதனை, பயம். அடுத்த தை மாசம் அவளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். வீட்டில் என்ன சொல்வாள்?

விடியற்காலை அந்த மாமி என்னைக் கூப்பிட்டாள். ராத்திரி முழுக்க அந்தப் பெண் அழுதுகொண்டே டியூட்டி பார்த்ததை அவள் பார்த்திருக்கிறாள். எனக்கு எதிரிலேயே கணவரிடம், "ஏன்னா, அந்தப் பொண்ணு உங்களுக்கு ஊசி போட வந்துதான் குத்திண்டிருக்கு. நம்மாத்துப் பொண்ணா இருந்தா இப்படிப் படுத்துண்டிருப்பேளா? கையெழுத்தைப் போடுங்கோ" என்றாள். அவர் ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

எச்.ஐ.வி. இல்லை. ஹெபடைடிஸ் சி இல்லை. ஹெபடைடிஸ் பி இருந்தது.

அவருக்கே தெரியாது. எத்தனை வருஷமாக இருந்ததோ! ஒரே ஊசியைக் கொதிக்க வைத்துத் தெரு முழுக்கப் போட்ட காலத்தில் வளர்ந்தவர்கள் நாம். ஒரே கத்தியில் பத்துப் பேருக்கு க்ஷவரம் நடந்த காலம். பிறக்கும்போதே தாயாரிடமிருந்தும் வந்திருக்கலாம். நம் நாட்டில் 100 பேரில் 2 முதல் 4 பேர் வரை இப்படி இருக்கிறார்கள் என்பது கணக்கு. இதில் ஒழுக்கத்துக்கும் சந்தியாவந்தனத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அந்தப் பெண் தடுப்பூசியில் ஒரு டோஸ் மட்டும்தான் போட்டிருந்தாள். அவளுக்கு அன்றைக்கே இம்யூனோகுளோபுலின் ஊசியும் அடுத்த டோஸும் போட்டோம். இதை 24 மணி நேரத்துக்குள் போட்டால்தான் முழுப் பலன். அவர் இன்னும் இரண்டு நாள் பிடிவாதம் பிடித்திருந்தால்? எச்.ஐ.வி. மருந்தை நிறுத்திவிட்டோம். ஆறு மாசத்தில் எல்லாப் பரிசோதனையும் சுத்தம். தையில் நடக்க வேண்டிய கல்யாணம் சித்திரைக்குத் தள்ளிப் போனாலும் நன்றாக நடந்தது. அவருக்கும் ஈரலைப் பார்த்து வைத்தியம் ஆரம்பித்தார்கள். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தடுப்பூசி போட்டாயிற்று. பிறகு பல வருஷம் இருந்தார். "அந்தப் பெண் என் உயிரைக் காப்பாற்றினாள், நான் அவளை ஒரு ராத்திரி அழவிட்டேன்" என்று பின்னால் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஊசி குத்தினால், ரத்தம் பட்டால்

இனி அந்தப் பிள்ளைக்கு நான் போனில் சொன்னதைச் சொல்கிறேன். குறித்துக் கொள்ளுங்கள்.

முழுசாக உள்ள தோலில் ரத்தம் பட்டால் கவலை வேண்டாம், சோப்பும் ஜலமும் போதும். காயம் இருந்தாலோ, ஊசி குத்தினாலோ, ஓடுகிற ஜலத்தில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிழிந்து ரத்தத்தை வெளியேற்றப் பார்க்கக் கூடாது. ஸ்பிரிட், டெட்டால், பிளீச்சிங் பௌடர் எதையும் காயத்தில் போடக் கூடாது. நமக்கெல்லாம் விரலில் குத்தினால் உடனே வாயில் வைத்துச் சூப்புகிற வழக்கம் உண்டு. அது கூடவே கூடாது. கண்ணில் தெறித்தால் சுத்தமான ஜலத்தை நிறைய விட்டுக் கழுவ வேண்டும், சோப்பு வேண்டாம். வாயில் பட்டால் துப்பிவிட்டுப் பல முறை கொப்பளிக்க வேண்டும்.

பிறகு தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது உத்தமம். 72 மணி நேரத்துக்கு மேல் ஆனால் பயன் இல்லை. "காலையில் பார்த்துக் கொள்ளலாம்" என்பது இந்த விஷயத்தில் தப்பு. மருந்து வேண்டுமா வேண்டாமா என்பதை டாக்டர் தீர்மானிப்பார். இப்போதைய மருந்து தினம் ஒரு மாத்திரை, 28 நாள். பழைய மருந்தைப் போல் படுத்தாது. நம் ஊரில் கே.ஆர். ஆஸ்பத்திரியில் இதற்கான ஏ.ஆர்.டி. சென்டர் இருக்கிறது. அந்தப் பிள்ளையை அன்று ராத்திரியே அங்கே போகச் சொன்னேன். விரலில் காயம் இருந்ததால் மருந்தும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் ஆரம்பித்தார்கள். எல்லாப் பரிசோதனையும் நல்லபடியாக வந்துவிட்டது. அவன் அம்மா இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். மாமி, உங்கள் பிள்ளை செய்தது பெரிய புண்ணியம். அடுத்த முறை வண்டியில் ஒரு ஜோடி கிளவுஸ் மட்டும் வைத்துக் கொள்ளச் சொல்லுங்கள்.

போலீஸ், கோர்ட் என்று பயந்து ஒதுங்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடிபட்டவருக்கு உதவுகிறவரை 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாக்கிறது. பெயரைச் சொல்லும்படி கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் கர்நாடகத்தில் 108 சேவை 2008 நவம்பர் 1ந் தேதி ஆரம்பமாயிற்று. அந்த வண்டியில் வரும் டெக்னீஷியன் ஓடுகிற வண்டியில், குலுங்குகிற ரோட்டில், மங்கிய வெளிச்சத்தில் ஊசி போடுகிறார். ஆஸ்பத்திரியில் நிதானமாக நின்று போடுகிற எங்களுக்கே குத்துகிறது. பெங்களூர் ரோடு பெரிதான பிறகு வேகமும் கூடிவிட்டது, அடிபடுகிறவர்களுக்குப் படுகிற அடியும் பலமாகிவிட்டது.

2017ல் நிறைவேறி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டத்தின் 19வது பிரிவு, இப்படிப்பட்ட அபாயம் உள்ள ஒவ்வொரு நிறுவனமும் தன் ஊழியர்களுக்குப் பாதுகாப்புச் சாதனங்களும், பயிற்சியும், ஊசி குத்தினால் மருந்தும் கொடுத்தே ஆகவேண்டும் என்கிறது. ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் அல்ல, அபாயம் உள்ள மற்ற நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். 2016ம் வருஷத்து மருத்துவக் கழிவு விதிகள், கழிவைக் கையாளும் ஊழியர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட வேண்டும் என்கின்றன. சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. நம்மில் சிலர் நர்ஸிங் ஹோம் டிரஸ்டிகளாகவும், சிலர் கம்பெனி நிர்வாகத்திலும் இருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் தடுப்பூசி ரிஜிஸ்டரும், ஊசி குத்தினால் எழுதுகிற ரிஜிஸ்டரும் இருக்கின்றனவா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். எங்கள் டிரைவருக்காகக் கேட்கிறேன்.

நம் வீட்டுக் குப்பை

கடைசியாக நம் வீட்டுக்கு வருகிறேன். இந்தச் சபையில் இன்சுலின் போட்டுக் கொள்கிறவர்கள் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொல்ல மாட்டேன். டிபனில் கேசரி இருப்பதால் யாரும் தூக்க மாட்டீர்கள். ஆனால் போட்ட ஊசியை எங்கே போடுகிறீர்கள்? பல வீடுகளில் காய்கறித் தோலோடு குப்பைக் கவரில்தான்.

மைசூர் 2015லும் 2016லும் இந்தியாவிலேயே சுத்தமான நகரம் என்று பெயர் வாங்கியது. நாம் பெருமைப்பட்டோம். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவர்கள் பௌரகார்மிகர்கள். காலையில் அவர்கள் வந்து அந்தக் கவரை வாங்கிக் கையால் அமுக்குகிறார்கள். கும்பாரகொப்பல் போன்ற இடங்களில் அதைப் பிரித்துப் போடுகிறார்கள். நம் ஊசி அங்கே ஒரு பெண்ணின் விரலில் குத்தினால், அது யார் வீட்டு ஊசி என்று தெரியாது. கேட்டுப் பரிசோதிக்க ஆள் இல்லை. அந்த நர்ஸுக்குக் கிடைத்த பாதுகாப்பு இவளுக்குக் கிடையாது.

ஆகவே என் வேண்டுகோள் நாலு.

ஒன்று, கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை, ஊறுகாய் டப்பாவோ டிடர்ஜென்ட் டப்பாவோ, ஊசிக்கென்று வையுங்கள். முக்கால் பாகம் நிரம்பியதும் மூடி, டேப் ஒட்டி, "ஊசி" என்று கன்னடத்தில் எழுதித் தனியாகக் கொடுங்கள், அல்லது உங்கள் டாக்டரிடமோ லாபிலோ கேட்டு ஒப்படையுங்கள். சர்க்கரை பார்க்கும் லான்செட்டும் இதில்தான் சேர வேண்டும். மாமாவும் மாமியும் ஒரே லான்செட்டில் குத்திக் கொள்ள வேண்டாம்.

இரண்டு, பிள்ளைகள் அமெரிக்காவில், இங்கே இரண்டு பேர் மட்டும், பார்த்துக் கொள்ள ஏஜென்ஸி அனுப்பிய பெண் ஒருத்தி. இன்றைக்கு நம் வீடுகளில் பாதி இப்படித்தான். அவள்தான் இன்சுலின் போடுகிறாள், படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறாள். அவளுக்குத் தடுப்பூசி ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் செலவில் மூன்று டோஸும் போட்டு விடுங்கள். ஒரு பட்டுப் புடவை விலையில் பத்தில் ஒரு பங்கு ஆகாது. ஒரு பெட்டி கிளவுஸும் வாங்கி வையுங்கள். உபயோகித்த ஊசிக்கு மறுபடி மூடி போட வேண்டாம் என்று சொல்லுங்கள். மூடி போடும்போது ஊசி குத்துவது உண்டு.

மூன்று, தரையில் ரத்தம் சிந்தினால் வேலைக்காரியைக் கூப்பிட்டு வெறும் கையால் துடைக்கச் சொல்லாதீர்கள். கிளவுஸ் போட்டுப் பழைய துணியால் மூடி, பிளீச் கரைசலை ஊற்றிப் பத்து நிமிஷம் விட்டுப் பிறகு எடுக்க வேண்டும்.

நாலு, இதுதான் முக்கியம். உங்களுக்கு வைத்தியம் செய்கையில் யாருக்காவது ஊசி குத்திவிட்டது என்று வந்து உங்கள் ரத்தத்தைக் கேட்டால், "சரி" என்று சொல்லுங்கள். சட்டப்படி உங்களுக்கு மறுக்க உரிமை இருக்கிறது. முடிவு ரகசியமாக வைக்கப்படும். ஆனாலும் அந்த உரிமையை உபயோகிக்காதீர்கள். அது உங்கள் குலத்தைப் பற்றிய கேள்வி அல்ல. உங்களுக்காகக் கையை நீட்டிய ஒருவர் ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாமா என்கிற கேள்வி.



(உரைக்குப் பின் அங்கத்தினர்கள் கேட்ட கேள்விகளில் சில:)

கேள்வி: கீழாநெல்லி சாப்பிட்டால் ஹெபடைடிஸ் பி போய்விடும் என்கிறார்களே?

பதில்: சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 1988ல் 'லான்செட்' பத்திரிகையில் நம்பிக்கை தரும் முடிவுகளை வெளியிட்டது உண்மை. இந்த வைரஸுக்காக நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கும் அதில் சேர்ந்திருந்தார். ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. மோரில் அரைத்துச் சாப்பிடுவது உங்கள் இஷ்டம். தடுப்பூசிக்குப் பதிலாக வேண்டாம்.

கேள்வி: கொசுக் கடியால் இவை பரவுமா?

பதில்: இந்த மூன்றும் கொசுவால் பரவாது. டெங்குவுக்கு மட்டும் பயப்படுங்கள்.

கேள்வி: அபர காரியங்களில் சரீரத்தைக் குளிப்பாட்டுகிறோமே, அதற்கும் கிளவுஸ் வேண்டுமா?

பதில்: புண்ணோ ரத்தமோ கசிவோ இருந்தால் அவசியம் வேண்டும். பிள்ளைகள் செய்தாலும் சரி, உதவிக்கு வருகிறவர்கள் செய்தாலும் சரி. அதே போல் க்ஷவரத்துக்குப் புது பிளேடு என்று கேட்டு வாங்குங்கள். சாஸ்திரத்துக்கு ஒரு குறையும் வராது.

கேள்வி: என் வயசு 74. இனிமேல் தடுப்பூசி போடலாமா?

பதில்: தாராளமாகப் போடலாம். முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, உங்கள் டாக்டரைக் கேட்டுப் போட்டுக் கொள்ளுங்கள். டயாலிஸிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு அவசியமே.